அண்ணியின் கறுப்பு வளையம்

நாலாவது மாடி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டியவர், அதை நேராக ஒட்டக்கூட மெனக்கெடவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. வியாழக்கிழமை பிற்பகல், இடப் பங்கீட்டுக் குழு மேற்குக் கோடி அறையைப் பார்வையிடும். அந்த அறை சூரிய செல் பிரிவிடமே இருக்கலாமா, விளக்குப் பிரிவுக்குப் போக வேண்டுமா என்பது அன்றைக்கே முடிவாகும்.

சூரிய செல் பிரிவு என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் இருந்தது ஒரே ஆள். அண்ணி.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் அந்த மாடியில் ஒருத்திதான்: எதிர் அறையில், விளக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனார். ஆனால் நாத்தனாருடைய குரல் ஒரு கதவோடு நிற்கிற குரல் இல்லை. "அண்ணி, டீக்கு வரீங்களா?" என்று தினமும் நடைபாதை அதிரக் கேட்டுக் கேட்டு, கண்ணாடி வெட்டுபவர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். இயக்குநருக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். அவருக்கும் அண்ணிதான்.

தாளைப் படித்துவிட்டு அண்ணி திரும்பியபோது நாத்தனார் பின்னால் நின்றிருந்தாள். முகம் வாடியிருந்தது.

"சத்தியமா நான் கேட்கல அண்ணி. எங்க தலைவர்தான். இருக்கிற இடத்துல ஆள் உட்கார முடியல, மேசை மேல மேசை போட்டிருக்கோம்னு எழுதிக் கொடுத்துட்டார்."

"நீ என்னத்துக்குடி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? இடம் இல்லைன்னா கேட்கத்தான் செய்வாங்க."

"அறை போனா நீங்க எங்க போவீங்க?"

"கீழே. அடித்தளத்துல, ஊரார் செஞ்ச செல்லை எல்லாம் வாங்கி அளந்து கொடுக்கிற வேலை காலியா இருக்காம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஐந்து வருடமாக இந்த அறையில்தான் செல் செய்கிறாள். தபால்தலை அளவுக் கண்ணாடிச் சில்லில் கரைசலை ஒரு சொட்டு விட்டு, அதைச் சுழலியில் வைத்துச் சுற்றினால், மயிரிழையில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத படலம் படியும். அதுதான் செல். வெயில் பட்டால் மின்சாரம் வரும். வருகிறது. ஆனால் வர வேண்டிய வோல்டேஜில் ஒரு பங்கு எங்கேயோ ஒழுகிப் போகிறது. ஓட்டை எங்கே என்று மட்டும் இதுவரை தெரியவில்லை. குழு வந்து கேட்டால் காட்டுவதற்கு அவளிடம் இருந்தது அந்த ஓட்டைப் பாத்திரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அண்ணி வீட்டுக்கு நாத்தனார் வந்தாள். மேசையில் வழக்கம்போலத் தக்காளி. வெட்டிய தக்காளி, வெட்டாத தக்காளி, ஒட்டுத்தாளில் எண் போட்ட தக்காளி. அண்ணியின் கணவர் வேளாண் ஆய்வுப் பண்ணையில் புதிய ரகங்களை உருவாக்குகிறவர். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டார் தின்று மதிப்பெண் போட வேண்டும் என்பது அவர் சட்டம். அவருடைய அப்பா, ஓய்வு பெற்றவர், வேலையில் இருந்த காலம் முழுவதும் வானொலித் தொலைநோக்கியின் ஏற்பிகளைப் பழுது பார்த்தவர், எல்லாத் தக்காளிக்கும் ஐந்துக்கு ஐந்தே போடுவார்.

"அப்பா, நீங்க தின்னு பாக்காமலே போடுறீங்க."

"பெத்த பிள்ளை மாதிரிதான்டா. தின்னு பாத்தா மார்க் குறைஞ்சிடும்."

அண்ணி சிரிக்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் கவனித்துவிட்டார்.

"என்னம்மா, அந்த ஓட்டை இன்னும் அடைபடலையா?"

"இல்ல மாமா. வெயில் பட்டதும் எலக்ட்ரான் கிளம்பிடுது. அது கிளம்பின இடம் காலியா இருக்கும். எலக்ட்ரான் ஒரு வழியா, அந்தக் காலியிடம் இன்னொரு வழியா வெளியே போனாத்தான் எனக்கு மின்சாரம். பாதி வழியிலயே எலக்ட்ரான் திரும்பப் போய் அந்தக் காலியிடத்துல விழுந்துடுது. மறுசேர்க்கை. அத்தோட போச்சு, பட்ட வெயில் அத்தனையும் தண்டம்."

"அடப்பாவமே," என்றாள் நாத்தனார். "எங்களுக்கு அதுதான் அண்ணி சோறே. எலக்ட்ரானை ஒரு பக்கம், காலியிடத்தை ஒரு பக்கம் உள்ளே அனுப்பி, நடுவுல சேர வெச்சாத்தான் விளக்கு எரியும். சேரலைன்னா எங்க கடையை மூட வேண்டியதுதான்."

"உங்க ரெண்டு பேருக்கும் கண்ணுக்குத் தெரியாததோட மல்லுக்கட்டு," என்றார் கணவர். அவர் கையில் பிளந்த தக்காளி ஒன்று. "இதைப் பாரு. தேன் மாதிரி இனிக்கும். ஆனா தோல் வெடிச்சிடும். இனிப்புக்கான மரபணுவும் வெடிப்புக்கான மரபணுவும் ஒரே இழையில பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. எங்க போனாலும் ஜோடியாத்தான் போகும். அப்பன் இழையும் ஆத்தா இழையும் பக்கத்துல வந்து, சரியா இது ரெண்டுக்கும் நடுவுல அறுந்து, மாத்தி ஒட்டிக்கணும். அந்த மறுசேர்க்கைக்குத்தான் இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

"அதாவது உனக்குச் சேர்ந்தது பிரியணும்," என்றாள் தங்கை. "எனக்குப் பிரிஞ்சது சேரணும். அண்ணிக்குப் பிரிஞ்சது சேரவே கூடாது. எல்லாத்துக்கும் ஒரே பேரு. நல்ல குடும்பம்தான்."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். அப்படியென்றால் வானத்தைத் தொடப்போகிறார் என்று அர்த்தம்.

"இருக்கிறதுலயே பெரிய கூத்து எங்க துறையிலதான். பிரபஞ்சம் பிறந்த புதுசுல எல்லாம் ஒரே கொதிப்பு. எலக்ட்ரான் தனி, புரோட்டான் தனி. எங்க பார்த்தாலும் எலக்ட்ரான் இடறிவிட்டுக்கிட்டே இருக்கும், வெளிச்சத்தால ஒரு அடி நேராப் போக முடியாது. மூடுபனி மாதிரி. சில லட்சம் வருஷம் ஆறினப்புறம் ரெண்டும் சேர்ந்து அணு ஆச்சு. பனி விலகிச்சு. வெளிச்சம் கிளம்பிச்சு. அந்த வெளிச்சத்தைத்தான் நான் ஆயுசு முழுக்க ஆன்டெனாவுல பிடிச்சேன். அதுக்கு என்ன பேரு வெச்சாங்க தெரியுமா?"

"மறுசேர்க்கை," என்றார்கள் மூவரும். இந்தக் கதை அவர்களுக்கு மனப்பாடம்.

"அதுக்கு முன்னாடி அது ரெண்டும் சேர்ந்ததே இல்லை. முதல் கல்யாணத்துக்கே மறுமணம்னு பேர் வெச்ச புத்திசாலிங்க."

அண்ணிக்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை காலை வரைக்கும் தாங்கியது.

திங்கள் காலை, அவள் அறையில் வெயிலுக்குப் பதிலாக எரியும் பெரிய விளக்கு 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. செல்லை அளக்க அந்தச் செயற்கைச் சூரியன் வேண்டும். மாற்று பல்பு வர இரண்டு வாரம் ஆகும் என்றார் கிடங்குக்காரர். வெளியே மேகமூட்டம். அசல் சூரியனும் விடுப்பில்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் நாத்தனார்தான் தீர்வு சொன்னாள்.

"எங்ககிட்ட விளக்குக்கா பஞ்சம்? உங்க சூரியன் அளவுக்குப் பிரகாசமா ஒண்ணு இருக்கு. செல்லை எடுத்துக்கிட்டு வாங்க."

"உங்க தலைவர்?"

"கூட்டத்துல இருக்கார். ஆடு பகைன்னா குட்டியும் பகையா அண்ணி? நமக்குள்ள என்ன?"

விளக்குப் பிரிவின் அறைக்குள் அண்ணி நுழைவது அபூர்வம். நுழைந்தால் தடுமாறுவாள். அங்கே கறுப்புத் திரை, கறுப்புச் சுவர், மேசைமேல் மேசை. விளக்கின் ஒளியை அளக்கிறவர்களுக்கு இருட்டுதான் முதலீடு. அண்ணியின் அறையோ நேர் எதிர். பெரிய ஜன்னல், வெள்ளைச் சுவர், பகலெல்லாம் விளக்கு. வெயிலில் வேலை செய்யும் பொருளை வெளிச்சத்தில்தானே பார்க்க வேண்டும்?

நாத்தனார் செல்லை வாங்கினாள். அந்தத் தொகுப்பிலேயே உருப்படியான செல் அது. கவ்வியில் பொருத்தினாள். பிறகு, நாளெல்லாம் செய்கிற வேலை, கை தானாகவே ஓடியது. திரையை இழுத்தாள். அறை விளக்கை அணைத்தாள். கணினியில் பொத்தானைத் தட்டினாள். அது மின்சாரத்தை வெளியே வாங்குகிற பொத்தான் இல்லை. உள்ளே அனுப்புகிற பொத்தான்.

"ஏய், என்னடி பண்ற? அது விளக்கு இல்லை, செல்லு."

"ஐயையோ." நாத்தனாரின் கை மேசையில் எதையோ தேடித் துழாவியது. "அண்ணி, கை பழக்கத்துல தட்டிட்டேன். நிறுத்திடறேன். எரிஞ்சு போயிருக்குமா?"

"இரு. நிறுத்தாதே."

"என்ன?"

"அங்க பாரு."

இருட்டில், கவ்வியின் நடுவே, ஒரு சிவப்பு தெரிந்தது. அணையப்போகிற கரித்துண்டின் சிவப்பு. கண் பழகப் பழக அது தபால்தலையின் வடிவத்துக்கு வந்தது. தன் செல் ஒளிர்வதை அண்ணி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். ஒளிரும் என்று தெரியாமல் இல்லை. பாடத்தில் படித்ததுதான். எலக்ட்ரானும் காலியிடமும் சேர்ந்தால் வெளிச்சம் வரலாம், இல்லையென்றால் வெப்பமாக வீணாகலாம். ஆனால் அவள் அறையில் இருட்டே கிடையாதே, எங்கே போய்ப் பார்ப்பது?

"அழகா இருக்கு அண்ணி," என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"அழகு இருக்கட்டும். நடுவுல என்ன அது?"

சிவப்பின் மத்தியில் ஒரு கறுப்பு வளையம். நாத்தனார் கேமராவைத் திருப்பிப் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். யாரோ காப்பிக் கோப்பையை வைத்து எடுத்ததுபோல் அச்சான வட்டம். வட்டத்தின் மேல் மட்டும் ஒளியே இல்லை. அங்கே விழுகிற எலக்ட்ரான் எல்லாம் வெளிச்சம் தராமல் வெறும் சூடாகச் செத்துக்கொண்டிருந்தது.

அண்ணி ஓடிப்போய் மற்ற செல்களையும் எடுத்துவந்தாள். அடுத்ததிலும் வளையம். அதற்கடுத்ததிலும். போன வருடத்துப் பழைய செல் ஒன்று, அதிலும் அதே இடத்தில் அதே வளையம்.

"என்னோட எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மச்சம்," என்றாள் அண்ணி மெதுவாக. "அப்ப இது பிள்ளையோட கோளாறு இல்ல. பெத்த இடத்துல கோளாறு."

இருவரும் மேற்குக் கோடி அறைக்குப் போனார்கள். அண்ணி மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்து சுழலியின் முன் நின்றாள். கண்ணாடிச் சில்லு சுற்றும்போது பறந்துவிடாமல் இருக்க, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அதைப் பிடித்துக்கொள்ளும் வட்டத் தட்டு. தட்டின்மேல் ஒரு ரப்பர் வளையம். அண்ணி ஒரு செல்லை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அச்சு மாறாமல் பொருந்தியது.

"ரப்பர் தொடுற இடம் மட்டும் வேற சூட்டுல இருக்கு. அந்த இடத்துல மட்டும் படலம் வேற வேகத்துல காயுது. கண்ணுக்கும் தெரியாது, பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. இந்த வளையம்தான் என் ஓட்டை."

"இதையா வெச்சிருக்கீங்க?" நாத்தனார் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நாங்க இதை எப்பவோ தூக்கிப் போட்டுட்டோமே. விளக்குல கறுப்புக் கறையா தெரியுதுன்னு. எங்க தட்டு உறிஞ்சாது. நாலு மூலையில பல்லு வெச்சு ஓரத்தை மட்டும் பிடிக்கும்."

"எப்பவோன்னா?"

"நான் சேர்ந்த புதுசுல."

அண்ணி அவளையே பார்த்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அந்த வெண்ணெயும் எதிர் அறையில், தினமும் டீக்குக் கூப்பிட்டுக்கொண்டு.

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்கவே இல்லையே அண்ணி. நாம என்னைக்கு டீ குடிக்கிறப்ப தட்டைப் பத்திப் பேசியிருக்கோம்? எங்க அண்ணனைப் பத்தித்தான் பேசுவோம்."

அது உண்மை.

புதன்கிழமை முழுவதும் எதிர் அறையின் நாலு மூலைத் தட்டில் அண்ணியின் புதிய செல்கள் சுற்றின. சாயங்காலம் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் பதற்றம்.

"ஒரு பழம் வெடிக்கலை. இனிப்புச் செடியில, ஒரே ஒரு செடியில, ஒரு பழமும் வெடிக்கலை."

"தின்னு பாத்தீங்களா?"

"பயமா இருக்கு. வீட்டுக்குக் கொண்டு வரேன், நீ தின்னு."

"நானே இங்க ஒரு பயத்தோட உட்கார்ந்திருக்கேன். மாமாவைத் தின்னச் சொல்லுங்க."

"அவர் ஐஞ்சுதான் போடுவார்."

வியாழக்கிழமை மேகம் கலைந்தது. பிற்பகல் குழு வந்தது. குழுத் தலைவர் ஓர் உயிரியல்காரர், வாழ்நாளெல்லாம் பாசிகளை ஆராய்ந்தவர். அவர் பின்னால் இயக்குநர். அவர் பின்னால் நாத்தனாரின் பிரிவுத் தலைவர், கையில் அறையின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு.

"உங்க பிரச்சினைதான் என்ன?" என்று கேட்டார் பாசிக்காரர்.

"மறுசேர்க்கை, சார். அதைக் குறைக்கணும்."

"அதை எதுக்குக் குறைக்கணும்? நல்ல விஷயமாச்சே. அது இல்லைன்னா நீங்களும் நானும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருந்திருப்போம்."

அண்ணி பொறுமையாக விளக்கினாள். இங்கே சேர்வது இழைகள் இல்லை, எலக்ட்ரானும் அதன் காலியிடமும். அவர் தலையை ஆட்டினார். பிறகு எல்லோரையும் எதிர் அறைக்கு அழைத்துப் போனாள். திரை மூடியது. முதலில் பழைய செல்: மங்கிய சிவப்பு, நடுவில் கறுப்பு வளையம். அடுத்து புதியது. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சிவப்பு. கேமராகூட வேண்டியிருக்கவில்லை.

"பிரமாதம்," என்றார் பாசிக்காரர் இருட்டுக்குள்ளிருந்து. "எரியுதே. அப்ப இது விளக்கு."

பாசிக்காரரின் நிழல் கவ்வியை நெருங்கியது.

"நான் தப்பாச் சொல்லலையே? மின்சாரம் கொடுத்தா எரியறது விளக்கு. விளக்குன்னா அது விளக்குப் பிரிவோட வேலை. தனியா ஒரு அறை எதுக்கு?"

ஐந்து வருட வேலையை அண்ணி தன் கையாலேயே தட்டில் வைத்து எதிர் அறைக்குப் பரிமாறிவிட்டாளே.

பிரிவுத் தலைவரின் குரல் மலர்ந்தது. "நான் ஆரம்பத்துலயே சொன்னேன் சார்." பிறகு பக்கத்தில் நின்ற நாத்தனாரிடம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. விளக்குதானே இது?"

இருட்டில் அண்ணிக்கு நாத்தனாரின் முகம் தெரியவில்லை. மூச்சை இழுத்துவிடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் திரையைத் திறந்தாள். வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள்.

"சார், இது விளக்குன்னா, இதைவிட மோசமான விளக்கை நான் பார்த்ததே இல்லை. இதை நான் செஞ்சிருந்தா நீங்களே என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பீங்க."

நாத்தனார் கவ்வியிலிருந்து செல்லை எடுத்தாள்.

"ஆனா செல்லுக்கு இது போதும். நல்லா ஒளிருதுன்னா உள்ளே வீணா சூடாகறது குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அது குறைஞ்சா வெயில்ல வைக்கிறப்ப வோல்டேஜ் ஏறும். நாங்க எரியவைக்கிறதுக்காகப் பார்க்கிறோம். அண்ணி ஒழுகலைக் கண்டுபிடிக்கிறதுக்காகப் பார்க்கிறாங்க. ரெண்டும் வேற வேலை. ஜன்னலுக்கு வாங்க சார், காட்டறேன்."

மேற்குக் கோடி ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி பழைய செல்லை வைத்து அளவியைக் காட்டினாள். பிறகு புதியதை. பாசிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"புள்ளிக்கு அப்புறம் ஒரு எண்தான் மாறுது. இதுக்கா இத்தனை?"

"குழந்தைக்கு ஜுரம் அடிச்சா, புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணைத்தானே சார் எட்டி எட்டிப் பார்க்கிறோம்," என்றாள் அண்ணி. "இந்த எண் ஐந்து வருஷமா அசையலை. இன்னைக்கு அசைஞ்சிருக்கு."

பாசிக்காரர் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை பழைய செல்லையும் புதியதையும் தானே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மூன்றாவது முறை மாற்றும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் களை வந்துவிட்டது.

"இதுக்கு ஜன்னல் வேணும், இல்லையா?"

"ஜன்னலும் வேணும் சார். இருட்டும் வேணும். இருட்டு இல்லாமதான் இத்தனை நாள் முட்டிக்கிட்டேன்." அண்ணி பிரிவுத் தலைவர் பக்கம் திரும்பினாள். "சார், உங்களுக்கு இடம் இல்லைங்கறது நிஜம். நேத்து நானே உங்க மேசைல இடிச்சிக்கிட்டேன். இந்த அறையில பாதியை எடுத்துக்கோங்க. சுவர் பக்கம் உங்களுக்கு, ஜன்னல் பக்கம் எனக்கு. உங்க திரை நடுவுல தொங்கட்டும். எனக்கு உங்க இருட்டைக் கொஞ்சம் கடன் கொடுத்தாப் போதும்."

பிரிவுத் தலைவர் கையிலிருந்த நீள அகலக் கணக்கைப் பார்த்தார். பாதியாக வகுத்துப் பார்த்தார் போலிருக்கிறது. "நாலு மேசை போடலாம்," என்றார், கொஞ்சம் கோபமாகவே.

"அப்ப சரி," என்றார் பாசிக்காரர். "அறை அண்ணியோடதுதான். திரை உங்களோடது." சொன்னபிறகுதான் அவருக்கே தோன்றியது, இவள் நமக்கு எப்போது அண்ணியானாள் என்று.

அன்று இரவுச் சாப்பாட்டில் அந்த வெடிக்காத தக்காளி நாலாக வெட்டப்பட்டது. இனித்தது. கணவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"ஆனா தோல் கொஞ்சம் தடிப்பு," என்றாள் தங்கை.

"தோலை விடு. பிரிஞ்சிடுச்சு பாத்தியா, ஜோடி பிரிஞ்சிடுச்சு."

மாமனார் தன் துண்டை நிதானமாக முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நாலு போட்டார்.

"ஏம்ப்பா?"

"இன்னைக்குத்தான் தின்னு பாத்தேன்."

அடுத்த வாரம் திரை மாட்டினார்கள். அண்ணி ஒரு முக்காலியில், நாத்தனார் ஒரு முக்காலியில், நடுவில் கனத்த கறுப்புத் துணி.

"உங்க தலைவர் கோபம் ஆறிச்சா?"

"காலையில வந்து ஜன்னல் பக்கம் நின்னு வெயில் காய்ஞ்சிட்டுப் போனார். அவர் பாதியில ஜன்னல் இல்லையாம். வருத்தப்பட்டார்."

"பேரம் முடிஞ்சாச்சுன்னு சொல்லு."

கடைசிக் கொக்கியும் மாட்டியானது. நாத்தனார் சுவர்ப் பக்கம் இறங்கினாள், அண்ணி ஜன்னல் பக்கம். நடுவில் ஒரு துணிதான். இனி நடைபாதையைத் தாண்டிக் கத்த வேண்டிய அவசியமே இல்லை. அண்ணி நிம்மதியாக ஒரு கண்ணாடிச் சில்லைக் கையில் எடுத்தாள்.

"அண்ணி, டீக்கு வரீங்களா?"

அதே குரல், அதே அதிர்வு. திரை ஒரு முறை ஆடி நின்றது. கண்ணாடிச் சில்லு அண்ணியின் விரலிலிருந்து நழுவி, நல்லவேளை, மடியில் விழுந்தது.

"வரேன்டி," என்றாள் அண்ணி.

"நானும் வரேன்," என்றது நடைபாதையிலிருந்து இயக்குநரின் குரல்.